முகவரி தேடும் மலையகப் புத்தகங்கள்

நாவலப்பிட்டியை விட்டதும் பதுளை ரயில் மறுபடி மலையேறத் தொடங்குகிறது. கலபொட, வட்டவளை, ரொசல்ல என்று சிறிய நிலையங்களைக் கடந்து ஹட்டனுக்கு வரும்போது பாதை கடல்மட்டத்திலிருந்து 1,200 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. தோட்டத்து விளைச்சலைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் போடப்பட்ட தண்டவாளம் 1884-ல் ஹட்டனைத் தொட்டது. வழியிலுள்ள வட்டவளை இலங்கையிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டர் அளவில் கொட்டுகிறது. தேயிலைக் கொழுந்துக்கு உகந்த அந்த ஈரம் காகிதத்துக்கு ஆகாது. தோட்டத் தொழிலாளர் வாழும் 10 அடிக்கு 12 அடி லயன் காம்பரா, மேலே தகரம், உள்ளே அடுப்புப் புகை, சுவரில் எப்போதும் கசிவு. அங்கே ஒரு புத்தகத்தைப் பத்து வருடம் காப்பாற்றி வைத்திருப்பவர் பெரிய காரியம் செய்கிறார். பூஞ்சணமும் கறையானும் விட்டுவைத்ததை லயன் தீ கொண்டுபோயிருக்கிறது. தீ தொடாததை மண்சரிவு மூடியிருக்கிறது. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தவில் மலை சரிந்தபோது புதைந்தவர்களோடு அந்த வீடுகளிலிருந்த கடிதமும் பிறப்புச் சான்றிதழும் பள்ளிக்கொப்பியும் புதைந்தன. 1977, 1981, 1983 ஆண்டுகளின் வன்செயல்களில் எரிந்த வீடுகளிலும் கடைகளிலும் என்னென்ன இருந்தன என்று யாரும் பட்டியல் எடுக்கவில்லை. மின்பதிப்பு புத்தகத்தை என்ன செய்கிறது என்ற கேள்வியைக் கொழும்பிலோ சென்னையிலோ கேட்டால், விற்பனை, வாசிப்புப் பழக்கம், காகித வாசனை என்று பேச்சு போகும். இந்தப் பாதையில் கேட்டால் புத்தகம் உயிரோடு இருக்கிறதா என்பதிலிருந்துதான் பேச்சைத் தொடங்க முடியும்.

ஹட்டன் நகரத்துக்கு அச்சோடு பழைய உறவு உண்டு. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளை நடத்தினார். துண்டுப் பிரசுரமும் சிறு நூலும் தொழிற்சங்கத்தின் ஆயுதங்கள் என்பதைத் தோட்டங்களுக்குக் காட்டியவர் அவர். 1936-ல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் தொழிலாளர் துயரத்தைப் பாட்டாகக் கட்டி மேடையில் பாடியதோடு அதைச் சிறு புத்தகமாக அச்சிட்டும் கொடுத்தார். ஆனால் மலையகத்தைப் பற்றிய அச்சு நூல்களில் பெரும்பகுதி ஹட்டனுக்கு வெளியே பிறந்தது. மலையகத் தமிழின் ஆரம்ப அச்சு நூல்களில் முதலில் சொல்லப்படும் ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869-ல் வந்தது. கோப்பியை அழிக்கப்போகும் இலைநோய் இலங்கையில் பதிவானதும் அதே ஆண்டில்தான். பிற்காலத்தில் தெளிவத்தை ஜோசப்பின் ‘நாமிருக்கும் நாடே’ (1979), என்.எஸ்.எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ (1980), சி.வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ (1981) ஆகியவற்றை மு. நித்தியானந்தனின் வைகறை வெளியீடு கொண்டுவந்தது. சாரல் நாடனின் ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ 1988-ல் கண்டியில் அந்தனி ஜீவாவின் மலையக வெளியீட்டகம் வழியாக வந்தது. துரை விஸ்வநாதன் தன் கைக்காசைப் போட்டுத் துரைவி பதிப்பகத்தில் 1997-ல் மலையகச் சிறுகதைத் தொகுப்புகளைப் பதித்தார். எல்லாமே தனிமனிதர்கள் நகை விற்றும் கடன்பட்டும் செய்கிற வகையான முயற்சிகள். சில நூறு பிரதிகள், ஒரு வெளியீட்டு விழா, நண்பர்களுக்கும் நூலகங்களுக்கும் போக மிஞ்சிய கட்டு. அந்தக் கட்டு தீர்ந்ததும் புத்தகமும் தீர்ந்துவிடும். மறுபதிப்பு என்பது இந்த இலக்கியத்தில் அபூர்வமான நிகழ்ச்சி.

இந்த நிலையில்தான் நூலகம் திட்டத்தின் வரவைப் பார்க்க வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்ற வழிகாட்டியது. அந்த வழியில், இலங்கைத் தமிழ் நூல்களுக்கென 2005-ல் தன்னார்வலர்கள் தொடங்கியது நூலகம். 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த நினைவு அந்த முயற்சிக்குப் பின்னால் இருந்தது. இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் அதில் உள்ளன. அவற்றில் ‘குன்றின் குரல்’, ‘கொழுந்து’ போன்ற மலையக இதழ்களும் பள்ளி மலர்களும் நினைவு மலர்களும் துண்டுப் பிரசுரங்களும் அடக்கம். மலையகத்துக்கு இது செய்த உதவியைக் குறைத்து மதிப்பிட இடமில்லை. தோட்டத்தில் பிறந்தவருக்கு நெடுங்காலம் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்குப் போய், யாராவது மனம் வைத்தால்தான் லயனுக்கு வரும். அவர் எழுதிய புத்தகத்தின் நிலையும் அதுவேதான். யாரிடமாவது ஒரு பிரதி இருக்கலாம், அவர் ஊரில் இருந்தால் பார்க்கலாம் என்பதே அதன் இருப்பிடம். இணையத்தில் ஏறியதும் முதல் தடவையாக அதற்கு ஒரு முகவரி கிடைத்தது, யாரையும் கெஞ்சாமல் போய்ப் பார்க்கக்கூடிய முகவரி. மின்பதிப்பு புத்தகத்தில் கொண்டுவந்த மாற்றங்களுள் மலையகத்துக்கு மிகப் பெரியது இதுதான் என்பேன்.

ஆனாலும் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. ஸ்கேன் செய்து இணையத்தில் வைப்பதைப் பாதுகாப்பு என்று சொல்லலாம்; அதைப் பதிப்பு என்று எண்ணிவிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஹட்டனை அடுத்துச் சிங்கமலைச் சுரங்கம். அதைத் தாண்டினால் கொட்டகலை. அருகே பத்தனையில் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கும் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கிறது. அங்கே பயிலும் ஒருவர் ராமையாவின் கதையைத் தன் வகுப்புக்குக் கொண்டுபோக விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் இருப்பது போன். இறங்கி வருவது பக்கம் பக்கமாகப் படம் பிடித்த ஒரு பிடிஎஃப். நூலகம் ஒவ்வொரு நூலுக்கும் பக்கத்தில் அது எத்தனை எம்பி என்று எழுதியே வைத்திருக்கிறது. ரீலோட் போட்டு நாளைக்கு நாள் டேட்டா வாங்குகிறவருக்கு அந்த எண்ணிக்கை ஒரு விலைச்சீட்டு. இறக்கிய பிறகும் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடுகிறது; சிறிதாக்கினால் கண் வலிக்கிறது. ஒரு சொல்லைத் தேட முடியாது, ஒரு பத்தியை எடுத்து வட்சப்பில் மாணவருக்கு அனுப்ப முடியாது, பார்வையற்றவருக்கு வாசித்துக்காட்டும் செயலிக்கு அது வெறும் படம். அதே கதை எழுத்துருவாக, திரைக்கேற்ப மடங்கும் இபப் கோப்பாக இருந்தால் ஒரு புகைப்படத்தைவிடக் குறைந்த டேட்டாவில் முழுத் தொகுப்பும் இறங்கிவிடும். 2020-ல் பள்ளிகள் மூடியபோது மலையில் சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடிப் பிள்ளைகள் ஏறியதை நாடு பார்த்தது. அவர்களுக்கு வேண்டியிருந்தது குறைந்த டேட்டாவில் இறங்கி, சிக்னல் இல்லாத லயனிலும் திறக்கும் ஒன்று.

இங்கே பதிப்புத் தொழிலோடு தொடர்புடைய ஒரு செய்தியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. 1990-களிலிருந்து இலங்கைத் தமிழ் நூல்களில் பெரும்பாலானவை ஈயவெழுத்துக் கோத்து அச்சானவை அல்ல. கணினியில் தட்டச்சாகிப் பக்கம் கட்டப்பட்டவை. ஆக, அந்தப் புத்தகங்கள் பிறக்கும்போதே மின்கோப்பாகத்தான் பிறந்தன. ஆனால் தட்டச்சு செய்தது பெரும்பாலும் பாமினி எழுத்துருவில். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். எழுத்துருவை எடுத்துவிட்டால் கிடைப்பது பொருளற்ற ஆங்கிலக் குவியல். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, மாற்றுவது சில நிமிட வேலை. மாற்றுவதற்கு அந்தக் கோப்பு வேண்டுமே! அச்சகம் கணினியை மாற்றியபோது அழிந்தது, பழைய சீடியில் கிடந்து கெட்டது, பக்கம் கட்டியவர் தொழிலை விட்டுப் போனபோது தொலைந்தது. விளைவு, மின்கோப்பாகப் பிறந்த நூலைக் காகிதத்திலிருந்து மறுபடி படம் பிடித்து, அந்தப் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க மென்பொருளோடு போராடிக்கொண்டிருக்கிறோம். பழைய நூல்களில் இது இன்னும் கடினம். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா போன்ற வடிவங்கள், மங்கிய மை, ஈரம் பட்ட தாள் ஆகியவை கருவியைத் திணறடிக்கின்றன. மனிதர் உட்கார்ந்து மெய்ப்புத் திருத்தாமல் நம்பத்தக்க பாடம் கிடைக்காது. மெய்ப்புத் திருத்தம் என்ற அந்தப் பழைய உழைப்பு இல்லாமல் மின்பதிப்பு நிறைவடையாது.

தலவாக்கலையைத் தாண்டி வட்டகொடையில் ரயில் நிற்கிறது. சி.வி. வேலுப்பிள்ளை 1914-ல் பிறந்த மடக்கொம்பரைத் தோட்டம் இந்தப் பக்கத்தில்தான். 1947-ல் அவர் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். அடுத்த ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம் அவரைத் தேர்ந்தெடுத்த மக்களை நாடற்றவர்களாக்கியது. அவர் ஆங்கிலத்தில் எழுதியவற்றைச் சக்தீ பாலஅய்யா போன்றவர்கள் தமிழாக்கினார்கள். அவரே தோட்டம் தோட்டமாகக் கேட்டுச் சேர்த்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983-ல் சென்னையில் அச்சேறியது. அந்த நூலை நினைக்கும்போது மின்பதிப்பின் இன்னொரு சாத்தியம் தெரிகிறது. தப்பு முழங்கப் பாடிய ஒப்பாரியையும் காமன்கூத்துப் பாட்டையும் தாலாட்டையும் அச்சு பாதியாகத்தான் ஏந்த முடிந்தது. ராகமும் மூச்சும் வெளியே நின்றன. இப்போது பாடலின் பாடத்தோடு ஒலியையும் ஒரே கோப்பில் வைக்க முடியும். பாடத் தெரிந்த மூத்த பெண்கள் இன்னும் சில தோட்டங்களில் இருக்கும்போதே சி.வி.யின் தொகுப்புக்கு ஒலியோடு கூடிய ஒரு பதிப்பு வர வேண்டும். கம்பளைக்கு அருகே லயன் அறைகளிலேயே அமைந்துள்ள தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் கருவியையும் பாத்திரத்தையும் ஆவணத்தையும் சேர்த்துக் காட்டுகிறது. பாட்டுக்கும் அப்படியொரு வீடு தேவை.

நானுஓயாவில் இறங்கி நுவரெலியாவுக்குப் போனால் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாரின் காலம் கண்ணில் படுகிறது: செங்கல் தபாலகம், புல்வெளி, மன்றக் கட்டடங்கள். அந்தத் துரைமாரின் எழுத்துக்கு இணையத்தில் என்ன நிலை என்று பார்த்தால் என் வாதத்தின் வலுவான சான்று கிடைக்கிறது. சபோனாடியர் 1866-ல் எழுதிய கோப்பித் தோட்டக்காரர் கைநூல், 1881-ல் கொழும்பில் பெர்குசன் குடும்பத்தார் தொடங்கிய ‘டிராப்பிக்கல் அக்ரிகல்ச்சரிஸ்ட்’ இதழ் ஆகியவை மேலைநாட்டு நூலகங்களில் ஸ்கேன் செய்யப்பட்டு, எழுத்தாக மாற்றப்பட்டு, ஒரு சொல்லைக் கொடுத்தால் பக்கத்தைக் காட்டும் நிலையில் இருக்கின்றன. ஆங்கில அச்செழுத்தைப் படிக்கும் மென்பொருள் எப்போதோ தேறிவிட்டது. அதனால் 19-ம் நூற்றாண்டுத் தோட்டத்தைப் பற்றி உலகின் எந்த மூலையிலிருந்து தேடினாலும் முதலில் பேசுவது துரைதான். ஆள் எத்தனை, கூலி எவ்வளவு, விளைச்சல் எத்தனை அந்தர் என்று அவர் எழுதி வைத்தது நொடியில் வருகிறது. தொழிலாளி பக்கத்துச் சாட்சியங்களான நடேசய்யரின் பிரசுரம், மீனாட்சி அம்மாளின் பாட்டு, சி.வி.யின் தொகுப்பு, தொழிற்சங்க மலர் ஆகியவை கிடைத்தாலும் பெரும்பாலும் படமாகவே கிடைக்கின்றன. தேடுபொறிக்கு அவை ஊமை. பெயரை முன்பே அறிந்தவருக்கு மட்டும் அவை கிடைக்கும். வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் துரையும் கணக்கப்பிள்ளையும் மட்டும் பேசிய ஒழுங்கு, இயந்திரங்களும் தமிழ் வாசிக்கப் பழகும் இந்தக் காலத்தில் தரவு வடிவில் நீடிக்க விடலாமா? தமிழகத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் மலையகத்தைப் பற்றி ஆய்வு செய்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். லண்டனில் வாழும் மு. நித்தியானந்தனின் ‘கூலித் தமிழ்’ 2014-ல் சென்னை க்ரியா வெளியீடாக வந்து, ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’யிலிருந்து நடேசய்யர் வரை பழைய அச்சு நூல்களை ஆராய்ந்தது. அத்தகைய ஆய்வைக் கொட்டகலையிலோ தலவாக்கலையிலோ இருந்துகொண்டே ஒரு தோட்டத்துப் பிள்ளை செய்ய முடிய வேண்டும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்கள் லேசானவை அல்ல. முதலாவது, லயனில் யார் புத்தகம் படிக்கிறார்கள், கணினி எங்கே இருக்கிறது என்பது. தொகைமதிப்புத் திணைக்களம் கணினி அறிவை நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்து அளக்கும்போது தோட்டம் கடைசியில் நிற்பது உண்மை. ஆனால் அந்த அளவு கணினியைப் பற்றியது. போன் தோட்டத்துக்குள் அதைவிட வெகுதூரம் போய்விட்டது. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தன் பாடநூல்களைத் தமிழிலும் இலவசமாக இணையத்தில் வைத்திருப்பதும், பெருந்தொற்றுக் காலத்தில் ஆசிரியர்கள் பாடக்குறிப்பை வட்சப்பில் அனுப்பிப் பழகியதும் வழியைத் திறந்துவிட்டன. படிக்க ஆளில்லை என்று சொல்வதற்கு முன், படிக்கத்தக்க வடிவில் எதையாவது கொடுத்தோமா என்று கேட்டுக்கொள்வது நியாயம். தோட்டத்தில் நூலகம் என்ற பெயரில் பூட்டிய அலுமாரியைத் தவிர வேறு பார்த்திராத பிள்ளையின் மீது வாசிப்பின்மைப் பழியைப் போடுவதை என்னால் ஏற்க முடியாது.

இரண்டாவது வாதம் காகிதத்தின் சார்பானது: கோப்பு நிலையற்றது, மின்சாரம் போனால் போச்சு, காகிதம்தான் நிற்கும். 2022 மார்ச் மாதத்தை நினைத்துப் பார்க்கலாம். காகிதம் இறக்குமதி செய்ய டாலர் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது; ‘ஐலண்ட்’, ‘திவயின’ நாளிதழ்கள் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. அதே மாதக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனது. இரண்டும் சேர்ந்தே தவறின. ஆகவே ஒன்றை மட்டும் நம்பச் சொல்லும் எந்த வாதமும் இலங்கையில் எடுபடாது. கோப்பு பல இடங்களில் பல பிரதிகளாக இருந்தால் ஓரிடத்தின் தீயோ வெள்ளமோ அதை அழிக்காது. ஒரே நிறுவனத்தின் வழங்கியை மட்டும் நம்பியிருந்தால் நன்கொடை வற்றும் நாளில் அதுவும் ஆபத்தில்தான். அதோடு, நல்ல எழுத்துக்கோப்பு இருந்தால் காகிதமும் திரும்பி வரும். இப்போது 20 பிரதி, 50 பிரதி என்று வேண்டிய அளவுக்கு மட்டும் அச்சிடலாம். ஹட்டன் நகரத்துக் கொமியூனிகேஷன் கடையில்கூட ஒரு சிறுகதையை எடுத்து, பிரதி பண்ணி, தைத்து வகுப்புக்குக் கொண்டுபோகலாம். 500 பிரதி போட்டு, கட்டுகளை வீட்டுக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்த எழுத்தாளருக்கு இது எத்தனை பெரிய விடுதலை! தோட்டப் பாடசாலைகள் ஒவ்வொன்றுக்கும் மலையக நூல்களின் அச்சுப் பிரதி போக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அதற்கான மலிவான பாதை மின்பதிப்பின் வழியாகவே போகிறது.

எழுத்தாளரின் உரிமை, வருமானம் பற்றிய கேள்வி மூன்றாவது. எனக்கு மிகவும் கனமாகத் தெரிவதும் இதுதான். இலவசமாக எல்லாவற்றையும் ஏற்றிவிட்டால் எழுதியவருக்கு என்ன மிஞ்சும்? அமேசான் கிண்டில் 2016-ல் தமிழுக்குத் திறந்தபோது தமிழ்நாட்டு எழுத்தாளர்கள் சிலர் நேரடியாகவே நூல்களை ஏற்றி வருமானம் பார்த்தார்கள். ஆனால் அந்தக் கடையில் வாங்க வங்கி அட்டை வேண்டும். நாட்சம்பளத்தில் வாழும் வாசகரிடம் அது இல்லை. 2013 முதல் இயங்கும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் காட்டிய வழி வேறு: எழுத்தாளரே கிரியேட்டிவ் காமன்ஸ் அனுமதி கொடுத்து, பல வடிவங்களில் நூலை இலவசமாக வெளியிடுவது. மலையக எழுத்தாளர்களில் புத்தக விற்பனையால் வாழ்ந்தவர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. கைக்காசு இழந்தவர்களே அதிகம். அச்சில் இல்லாத நூலுக்கு உரிமைத்தொகை என்று எதுவும் வருவதில்லை. எனவே அச்சில் தீர்ந்துபோன நூலை இலவச எழுத்துக்கோப்பாகவும், புதிய நூலை விலைக்கும் வைப்பது எழுத்தாளருக்கு நட்டமாகாது என்பது என் கணக்கு.

ஆனால் அனுமதி கேட்டே செய்ய வேண்டும், கேட்பதற்கான காலமும் குறுகிக்கொண்டு வருகிறது. இலங்கையின் 2003-ம் ஆண்டு 36-ம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை அவருடைய வாரிசுகளுடையது. 1947-ல் மறைந்த நடேசய்யரின் எழுத்துகள் 2017-ஓடு பொதுவுடைமையாகிவிட்டன. அவற்றைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து வெளியிட இன்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, செய்யாமல் இருப்பது நம் குறை. 1984-ல் மறைந்த சி.வி.யின் நூல்களுக்கு 2054 வரை, 2022-ல் மறைந்த தெளிவத்தை ஜோசப்பின் நூல்களுக்கு 2092 வரை காத்திருக்க முடியாது. பெயர் பெற்ற இவர்களின் வாரிசுகளையாவது கண்டுபிடிக்கலாம். ஒரே ஒரு தொகுதி போட்டுவிட்டு மறைந்த தோட்டத்து ஆசிரியர், தொழிற்சங்க மாத இதழில் கவிதை எழுதிய கொழுந்து பறிக்கும் பெண் ஆகியோரின் குடும்பங்கள் எங்கே? 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கிறார்கள், இன்னும் சிலர் கொழும்பிலும் கடல் கடந்தும். தலவாக்கலையிலோ ஹட்டனிலோ அடுத்த வெளியீட்டு விழா நடக்கும்போது, நூலாசிரியர் ஒரு அனுமதிப் பத்திரத்தில் கையொப்பமிட்டு, யூனிகோடு கோப்பையும் சேர்த்து நூலகம் திட்டத்துக்கும் ஸ்ரீபாத கல்லூரிக்கும் கொடுத்துவிடலாம். மறைந்தவர்களுக்காக, அவர்களை அறிந்த மூத்த எழுத்தாளர்கள் இருக்கும்போதே குடும்பங்களின் விலாசப் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கத் தொடங்கலாம்.